புள்ளி, இழை, கைவழி: எண்ணிமக் காலத்தில் கோலத்தை எதுவாகப் பாதுகாப்பது?

மரபுக்கலைகளும் எண்ணிமத் தொழில்நுட்பமும் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ஓர் அச்சத்தையும் ஒரு நம்பிக்கையையும் சுற்றியே நிகழ்கின்றன. இயந்திரம் கைத்திறனை விழுங்கிவிடும் என்பது அச்சம். அழிந்துவரும் கலையை இயந்திரமே காத்துத் தரும் என்பது நம்பிக்கை. கோலத்தைப் பொறுத்தவரை இரண்டுமே காலம் பிந்தி எழுந்தவை. தமிழரின் கலைகளுள் கணினி அறிவியலின் ஆய்வுப் பொருளாக முன்னதாகவே ஏற்கப்பட்டவற்றுள் கோலம் ஒன்று. 1974ஆம் ஆண்டிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி சார்ந்த ஆய்வாளர்கள் கோலத்தை முறைசார் இலக்கணங்களின் துணையால் விளக்கிப் பன்னாட்டு ஆய்விதழில் எழுதிவிட்டனர். ஆகவே, கணினி கோலத்தை என்ன செய்யப்போகிறது என்னும் வினாவைவிட, கடந்த அரை நூற்றாண்டில் அது கோலத்தை எதுவாகப் புரிந்துகொண்டது, அப்புரிதலில் எது தொடரப்பட்டது, எது கைவிடப்பட்டது என்னும் வினாக்களே பயனுடையவை.

கோலம் ஒரு படமா, ஒரு வரைசெயலா என்பதே இங்குள்ள அடிப்படைச் சிக்கல். படமென்றால் ஓர் ஒளிப்படம் அதனைக் காத்துவிடும். செயலென்றால், முற்றுப்பெற்ற கோலத்தின் ஒளிப்படம் அச்செயல் முடிந்துபோனதற்கான சான்று மட்டுமே. நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் இன்று மேற்கொள்ளும் எண்ணிமமாக்கம் பெரும்பாலும் முதல் விடையை ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. கோலத்தைக் குறித்த கணினி ஆய்வோ 1980களிலேயே இரண்டாம் விடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இரண்டு எண்களும் ஒரு சொல்லும்

கணினிக்கு முன்னரே கோலம் தாளுக்கு வந்தது. வீட்டுப் பெண்கள் பேணிய கோலக் குறிப்பேடுகளும், மார்கழியை ஒட்டி வார மாத இதழ்கள் வெளியிட்ட கோலப் பக்கங்களும், மலிவு விலைக் கோலப் புத்தகங்களும் தரையிலிருந்த கோலத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கின. கோலம் படமாக உறைந்தது எண்ணிமக் காலத்தில் அன்று, அச்சுக் காலத்திலேயே எனலாம். கைத்திறன் இன்றிக் கோலம் பதிக்கும் கருவிகளும் புதியவை அல்ல. துளையிட்ட குழலில் மாவை நிரப்பித் தரையில் உருட்டும் கோலக் குழலும், சல்லடைபோல் துளைகொண்ட கோல அச்சும் கடைத்தெருவுக்கு நெகிழித்தாள் ஒட்டுக்கோலம் வருவதற்கு முன்பே வந்துவிட்டவை. ஆகவே தூய கைம்மரபு ஒன்று திடீரென எந்திரத்தால் மாசுற்றது என்னும் கதைக்கு இங்கு இடமில்லை.

எனினும் குறிப்பேட்டில் படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். ‘15 புள்ளி, 8 முடிய, இடுக்குப் புள்ளி’ என்பது போன்ற அவ்வரி ஆய்வாளர் கண்ணில் பெரிதும் படாமல் போனது வியப்புக்குரியது. அதன் பொருளை விரித்துப் பார்க்கலாம். முதலில் 15 புள்ளிகள் கொண்ட நடு வரிசை இடப்படுகிறது. அதன் இருபுறமும், முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக 14 புள்ளிகள், பின் 13 என ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் நிற்கிறது. 15 வரிசைகளில் 169 புள்ளிகள் அமைந்து ஓர் அறுகோணம் தரையில் தோன்றுகிறது. ‘இடுக்குப் புள்ளி’ என்னும் இடத்தில் ‘நேர்ப்புள்ளி’ என்றிருந்தால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று வேறொரு தளம் உருவாகும். ‘7 நேர்ப்புள்ளி, ஒற்றைப்படையாய் 1 முடிய’ என்றால் 7, 5, 3, 1 எனச் சுருங்கி 25 புள்ளிகளில் ஒரு சாய்சதுரம் அமையும்.

இரண்டு எண்களும் ஒரு சொல்லும் 169 புள்ளிகளை அவற்றின் இடத்தில் நிறுத்திவிடுகின்றன. இது வருணனை அன்று, ஆணை. எங்கே தொடங்குவது, எவ்வாறு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்னும் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. கணினி அறிவியலார் படிமுறை என்று வழங்குவதன் இலக்கணம் இதுவே. அச்சிட்ட படம் கோலத்தைப் படமாக்கியபோதும், பக்கத்தில் இருந்த வரி அதனைச் செயலாகவே வைத்திருந்தது. ஒன்றைக் கூறவேண்டும்: அவ்வரி புள்ளியை மட்டுமே ஆள்கிறது. புள்ளிகளை இணைக்கும், அல்லது சிக்குக் கோலத்தில் புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச் செல்லும் இழைக்கு அப்படியோர் எழுத்து மரபில் இல்லை. இழையை எழுதும் முறை கையிலும் கண்ணிலும் இருந்தது; அருகில் நின்று பார்த்த சிறுமிக்கு அது கைமாறியது.

இலக்கியச் சான்று ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத் தொடக்கத்தில் ஆண்டாள் தரையைத் துலக்குவதையும், மண்டலம் இடுவதையும், நுண்மணலால் தெருவை அணிசெய்வதையும் கூறுகிறாள். அங்கு அடுக்கப்பட்டிருப்பவை வினைகள். இட்டு முடித்த வடிவம் எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. கோலத்தின் வரலாற்றை எழுதுவோர் அப்பாசுரத்தைப் பழமைக்குச் சான்றாக மட்டுமே காட்டிச் செல்வது வழக்கம். அப்பாசுரம் எதைச் சொல்லத்தக்கதாகக் கருதியது என்பது அதனினும் முக்கியமானது.

தாம்பரத்தில் நிகழ்ந்த திருப்பம்

கிஃப்ட் சிரோமணி (1932–1988) தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். சிந்துவெளி எழுத்து, தமிழ்க் கல்வெட்டெழுத்து எனப் பல துறைகளில் உழைத்தவர். அவரும் இராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் இணைந்து 1974இல் வெளியிட்ட கட்டுரை, கோலங்களை அணி இலக்கணங்களால் உருவாக்கிக் காட்டியது. நோம் சாம்ஸ்கி மொழிகளின் இலக்கணங்களை அவற்றின் ஆற்றலுக்கேற்ப அடுக்கிய முறை சொற்றொடர்களுக்கு உரியது. சொற்றொடர் ஒரு திசையில் செல்வது. கோலமோ இரு திசையிலும் விரிவது. ஆகவே இலக்கண விதிகள் நிரையாகவும் நிரலாகவும் செயல்படுமாறு அவர்கள் அமைத்தனர். எந்தக் கோலக் குடும்பம் எவ்வகை இலக்கணத்தால் பிறக்கும் என்னும் வகைப்பாடு அதன் விளைவு. எழுத்தறியாத பெண்களும் நாள்தோறும் இட்ட வடிவங்கள் முறைசார் மொழிகளின் கோட்பாட்டுக்கே புதிய வினாக்களை எழுப்பின என்பது தமிழியல் போதிய அளவு கொண்டாடாத செய்தி.

ஆயினும் 1974இன் கோலம் இன்னும் படமே. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறியீட்டை வைத்து, அக்குறியீடுகளின் அடுக்காகக் கோலம் அங்கே விளக்கப்பட்டது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது பொருந்தும். குனிந்து நிற்கும் கைக்குப் பொருந்தாது. எந்தப் பெண்ணும் கோலத்தை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக இட்டு முடிப்பதில்லை.

1980களின் நடுவில் சிரோமணி, இராணி சிரோமணியுடனும் சந்திரசேகரனுடனும் இணைந்து எழுதிய கட்டுரைகளில் இது மாறுகிறது. அசிரியல் ரோசன்ஃபெல்டின் சுழல் இலக்கணங்கள் அங்கே கோலத்துக்குப் பொருத்தப்பட்டன. அவற்றில் கோலம் கட்டங்களின் அடுக்காக இல்லை, நகர்வுகளின் தொடராக இருக்கிறது: முன்னே செல்லல், வலம் திரும்பல், இடம் திரும்பல், புள்ளியைச் சுற்றி வளைந்து மீளல். இம்மாற்றத்தின் தோற்றுவாய் கணிதம் அன்று. கோலமிடுவோர் தாம் நினைவில் வைத்திருக்கும் கோலத்தை எவ்வாறு விவரிக்கின்றனர், எவ்வாறு இடுகின்றனர் என்று கவனித்ததில், அவர்கள் நினைவில் இருப்பது உருவம் அல்ல, கை செல்லும் வழி என்பதைச் சிரோமணி கண்டார். திரையில் கோடு வரையக் கணினி மொழிகளில் தரப்படும் ஆணைகளுக்கும் அந்நகர்வுகளுக்கும் உள்ள ஒப்புமையையும் அவர் சுட்டினார். இங்கே ‘வலம்’, ‘இடம்’ என்பன பார்ப்பவரின் வலமும் இடமும் அல்ல. செல்லும் இழையின் வலமும் இடமும் ஆகும். இச்சிறு வேறுபாடே படத்தையும் செயலையும் பிரிக்கும் கோடு.

இதனை அடியொற்றிய ஆய்வுகள் பல. செடியின் வளர்ச்சியை விளக்க 1968இல் லிண்டன்மேயர் என்னும் உயிரியலார் அமைத்த மீளெழுது விதிகள், கண்ணனின் கொலுசு என்னும் பெயருடைய கோலக் குடும்பத்தை விரிக்கப் பயன்பட்டன. பிருசின்கீவிச்சும் கமலா கிருதிவாசனும் இத்துறையில் இணைந்து எழுதியுள்ளனர். மார்சியா ஆஷர் 2002இல் எழுதிய கட்டுரை இவ்வரலாற்றைப் பொதுவாசகர்க்குக் கொண்டு சென்றது. 2012இல் டிமதி வாரிங், சிக்குக் கோலத்தைக் கையசைவுகளின் சிறு அகராதியாகப் பகுத்து, எழுத்துத் தொடராகக் குறிக்கும் முறையொன்றை முன்வைத்தார். குறிப்பேட்டு மரபில் இல்லாதிருந்த ‘இழையின் எழுத்து’ ஒருவாறு இவ்வழியில் கிட்டியது.

கணிதத்தின் ஒற்றை இழை

இவ்வாய்வுகளைப் போற்றுவது ஒன்று. அவற்றின் சாய்வைக் காண்பது வேறொன்று. புள்ளிகளைச் செவ்வகமாக நிறுத்தி, உள்ளிருக்கும் எல்லா இடைவெளிகளிலும் இழைகள் குறுக்கிடுமாறு சிக்குக் கோலம் இட்டால், வேண்டிய மூடிய இழைகளின் எண்ணிக்கை அவ்விரு பக்க எண்களின் மீப்பெரு பொதுக் காரணியாகும். 3க்கு 4 என்றால் ஒரே இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 4 என்றால் நான்கு. அழகிய முடிபு இது. இதன் அழகே ஆய்வாளரை ஒற்றை இழைக் கோலத்தின்பால் ஈர்த்து, அதுவே உயர்ந்தது, பிற அதன் சிதைவு என எண்ணச் செய்தது.

மொசாம்பிக்கைச் சேர்ந்த கணிதவியலார் பாலஸ் கெர்டெஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கோலாவின் சோனா என்னும் மணல் வரைவுகளை ஆராய்ந்த அவர், 1989இல் தமிழ்க் கோலங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் ‘இழந்த சமச்சீர்மைகளை’ மீட்டுருவாக்க முற்பட்டார். பல இழைகளால் ஆன வடிவத்துக்குப் பின்னால் ஒற்றை இழையாலான மூலம் ஒன்று இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. தமிழியலாருக்கு இம்முறை அயலானது அன்று. ஏடுகளை ஒப்புநோக்கி மூல பாடத்தை அணுகும் பதிப்பு முறையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஏட்டுக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார், அவர் எழுதிய பாடம் ஒன்று இருந்தது. கோலத்துக்கு அத்தகைய மூலப்படி உண்டு எனக் கொள்வதற்கு என்ன சான்று? நாள்தோறும் அழிந்து நாள்தோறும் இடப்படும் ஒன்றில் பல இழைக் கோலமும் ஒற்றை இழைக் கோலமும் அருகருகே வாழ்ந்திருக்கலாம். நிறைவானதே முந்தியது என்பது கணிதவியலாரின் விருப்பம். வரலாற்றுச் சான்று அன்று.

செயலளவிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒற்றை இழை எனினும் அதனைக் கை எடுக்காமல் தொடக்கம் முதல் இறுதிவரை இடுவோர் சிலரே. பெரிய கோலத்தைப் பகுதி பகுதியாக, ஒரு மூலையில் இட்ட வளைவை மற்ற மூன்று மூலைகளிலும் மீட்டு, பின்னர் இணைத்து முடிப்பதும் பரவலான வழக்கம். முடிந்த கோலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எந்த வழியில் வந்தது என்பதை முடிந்த உருவம் சொல்லாது.

மானிடவியலில் இதன் மறுபக்கம் தெரிகிறது. மெலனீசியாவின் மலேகுலாத் தீவில் களப்பணி செய்தவரான ஜான் லேயார்டு, 1937இல் தென்னிந்திய வாயிற்கோலங்களையும் பச்சைகுத்தும் வடிவங்களையும் பற்றி எழுதினார். அக்கட்டுரையிலிருந்த வரைபடங்களைக் கொண்டே ஆல்ஃபிரட் ஜெல் 1998இல் வெளிவந்த தம் நூலில் கோலத்தின் ஆற்றலை விளக்கினார். பின்னிக்கிடக்கும் இழைகளைப் பார்வையாளர் மனத்தால் பிரித்தறிய முயன்று முடியாமல் தேங்குகிறார். அத்தேக்கமே கோலத்தின் பிடி என்பது அவர் வாதம். கூரிய வாதமே. ஆனால் அது வாசலுக்கு வெளியே நிற்பவரின் வாதம். இட்டவளுக்கு அந்த இழை புதிர் அன்று. அவள் அதன் வழியே நடந்து வந்தவள். அச்சிட்ட படத்திலிருந்து தொடங்கும் எந்தக் கோட்பாடும் இட்டவளின் இடத்தைப் பார்வையாளருக்குக் கொடுத்துவிடும் என்பதற்கு ஜெல்லின் பக்கங்கள் நல்ல சான்று.

மீண்டும் படமாதல்

1980களின் ஆய்வு சென்ற திசைக்கு எதிர்த்திசையில் இன்றைய எண்ணிமப் பண்பாடு செல்கிறது. கோலம் இன்று ஒளிப்படமாகப் பகிரப்படுகிறது, திசையன் கோப்பாக விற்கப்படுகிறது, ஒட்டுத்தாளாக அச்சேறுகிறது, புடைவைக் கரையிலும் நிறுவனச் சின்னத்திலும் அணியாகிறது. எல்லாவற்றிலும் பயணம் செய்வது முடிந்த உருவம் மட்டுமே. சொற்களால் கேட்டவுடன் படம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் இது உச்சம் பெறுகிறது. எண்ணற்ற ஒளிப்படங்களிலிருந்து கற்ற அக்கருவிகள் தரும் ‘கோலங்களில்’ இழை பாதியில் அற்றுப்போவதும், இரண்டு இழைகள் ஒன்றில் கரைவதும், புள்ளிகள் கணக்கின்றிச் சிதறுவதும் அடிக்கடி காணப்படுகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் கோலம். விரலால் தொடர்ந்து சென்றால் வழியில்லை. ஐந்து புள்ளிக் கோலம் இடக் கற்ற சிறுமி கண்டுகொள்ளும் பிழை இது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய கைப்பேசியைவிட மிக எளிய கணினிகள் இருந்த காலத்தில், விதிகளிலிருந்து பிறந்த கோலத்தில் இப்பிழை நேர வாய்ப்பே இல்லை.

கைப்பேசிக் காணொளிகளோ செயலைக் காட்டுகின்றனவே எனலாம். உண்மை, தாயும் மாமியாரும் அருகில் இல்லாத பெண்களுக்குக் கோலம் கற்பித்த பெரும் ஆசான் இன்று அக்காணொளியே. அதைக் குறைத்து மதிப்பிடுவது அறிவீனம். எனினும் அவை விரைவுபடுத்தப்பட்டவை, வெட்டிச் சேர்க்கப்பட்டவை. கை தயங்கிய இடம், புள்ளி பிசகியதால் கோலத்தையே சற்று மாற்றிக்கொண்ட இடம், காலால் தேய்த்து மீண்டும் இட்ட இடம் ஆகியன முதலில் நீக்கப்படுபவை. ஆய்வாளருக்கு வேண்டியவையும் அவையே.

பொருளின் தன்மையும் இழக்கப்படுகிறது. சாணமோ நீரோ தெளித்த ஈரத்தரை மாவைப் பற்றும். காய்ந்த தரையில் அது காற்றோடு போகும். பச்சரிசி மாவு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒழுகும் வேகம் வேறு, கல்மாவு ஒழுகும் வேகம் வேறு. அரைத்த மாவை நீரில் கரைத்துத் துணியில் தோய்த்து இடும் மாக்கோலத்தில் இழை மோதிரவிரல் வழியே வழியும். இழையின் பருமன் இவற்றால் அமைகிறது. அரிசி மாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவு என்னும் நம்பிக்கையை விஜயா நாகராஜன் தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒட்டுத்தாள் எதற்கும் உணவாவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விடியலுக்கு முன் எழுந்து, இடுப்பிலிருந்து வளைந்து, ஊதியமின்றி ஆண்டு முழுவதும் செய்த உழைப்பு இது. நகரங்களில் பல வாசல்களில் அதனை இடுபவர் வீட்டுப்பணிக்கு வரும் பெண். அடுக்ககத்தின் பொது நடைவழியில் தண்ணீர் தெளிக்க இயலாத சிங்கப்பூர்க் குடும்பம் ஒட்டுக்கோலத்தை நாடுவதைக் குற்றமாகக் காட்டும் கட்டுரைகள், அந்த நடைவழியைப் பார்க்காதவர் எழுதுபவை. புலம்பெயர் வாழ்வு கோலத்தின் செயலைப் புதுவகையில் காத்த சான்றுகளும் உண்டு. மலேசியாவில் தீபாவளியை ஒட்டி வணிக வளாகங்களில் சாயமேற்றிய அரிசியால் இடப்படும் பெருங்கோலங்கள் நாள்கணக்கில் நிற்பவை. ஒரே நாளில் அழியும் இயல்பை அவை விட்டுக்கொடுத்தன, பலர் கூடி இடும் இயல்பைப் பெற்றன. 2021 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் பதவியேற்பை ஒட்டிப் பலர் தத்தம் இருப்பிடங்களில் ஓடுகள்போல் வெட்டிய அட்டைகளில் வரைந்த கோலங்கள் திரட்டப்பட்டு இணையவழிக் காட்சியாயின. உலகம் கண்டது ஒரு காணொளியை. அதன் பின்னே இருந்தவை ஒவ்வொரு வீட்டு மேசையிலும் நகர்ந்த கைகள். அக்கைகளின் பதிவு எங்கும் உள்ளதா என்பதே நூலகர் கேட்கவேண்டியது.

ஆவணம் எதைக் கொள்ள வேண்டும்

கோலத்தொகுப்பு ஒன்றின் விவரப்பட்டியலில் இன்று வழக்கமாக இடம்பெறுபவை ஊர், நாள், வடிவத்தின் பெயர், ஒளிப்படத்தின் அளவு ஆகியன. இவற்றோடு நான்கு செய்திகள் சேருமாயின் பட்டியலின் தன்மையே மாறும். புள்ளி வாய்பாடு, குறிப்பேட்டு மொழியிலேயே. புள்ளி இடத் தொடங்கிய இடம். இழை தொடங்கிய இடமும் சென்ற வரிசையும். இட்டவரின் பெயர், அவர் இசைந்தால். முதல் மூன்றையும் வெட்டாத, விரைவுபடுத்தாத ஒரே காணொளியிலிருந்து எடுத்துவிடலாம். வாரிங்கின் குறியீட்டு முறையோ அதனை ஒத்த வேறொன்றோ அதற்குப் போதும். நான்காவதற்குத் தொழில்நுட்பம் வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் அடிக்குறிப்பில் பாடியவர் பெயரைத் தேடித் தேடி மகிழும் துறையினர், நூற்றாண்டுக்கு மேலாகத் தொகுக்கப்பட்ட கோலங்களைப் பெயரற்ற ‘நாட்டார் வடிவங்கள்’ என விட்டுவைத்திருப்பது முறையன்று. கணினி ஆய்வுக்கு நகர்வுகளைச் சொல்லித் தந்த பெண்களும் பெரும்பாலும் தகவலாளிகளாகவே நின்றுவிட்டனர்.

குறிப்பேடுகள் பற்றியும் கூறவேண்டும். அவை பல குடும்பங்களில் ஒளிவருடப்பட்டு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் கணினிகளில் கிடக்கின்றன. மூல ஏடு பழைய தாளோடு போய்விட்டது. அந்தக் கோப்புகளைத் திரட்டுவது எளிது, செலவு குறைவு. ஆனால் ஒளிவருடிய பக்கம் புள்ளி வாய்பாட்டையும் முடிந்த உருவத்தையும் மட்டுமே தரும். 1970களில் மணமாகி அக்குறிப்பேடுகளை எழுதியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். குனிய இயலாதவர் மேசையில் அமர்ந்து தாளில் சுண்ணக்கட்டியால் இடலாம், அல்லது விரலால் இழையின் வழியைத் தொட்டுக் காட்டலாம். தாமே எழுதிய பக்கத்தை அச்சிட்டு அவர்முன் வைத்து, எங்கே தொடங்கினீர்கள் என்று கேட்பதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும் போதும்.